கைப்பேசிப் படங்கள் கணினியிற் சேராமை

தமிழ் பயிலும் மாணவர் ஊர்ப்புறங்கட்குச் சென்று கல்வெட்டும், ஏடும், பழைய பத்திரமும், மக்கள் வாய்ப்பாட்டும் திரட்டுதல் இக்காலத்து வகுப்புப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. முன்னாளில் இப்பணிக்குச் செல்வோர் தாளும் மையும் தூரிகையும் சுமந்து சென்றனர். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளங்களிலே தாள் நன்கு படிந்தபின் மையை ஒற்றி எடுப்பர். அதனை மைப்படி என்பர். ஒரு சுவரின் எழுத்தைப் படியெடுக்க ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் புலவர் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியாக 1891ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். இன்றோ நம் சட்டைப் பையிற் கிடக்கும் கைப்பேசி, அவ்வொரு பகற்பொழுதில் ஆயிரம் படம் எடுத்துத் தருகின்றது.

எடுத்த படம் கைப்பேசியிலேயே கிடப்பின் பயன் சிறிது. அதனைக் கணினியிற் சேர்த்துப் பெரிதாக்கிப் படித்தல் வேண்டும். ஊர்வாரியாக அடுக்கல் வேண்டும். கட்டுரையோடு இணைத்தல் வேண்டும். இவ்விடத்திலேதான் நம்மவர் பலரும் இடர்ப்படுகின்றனர். "நூறு படம் எடுத்தேன், கணினியில் நாற்பதுதான் தெரிகின்றது" என்பார் ஒருவர். "படம் வந்தது, ஆனால் திறக்கவில்லை" என்பார் மற்றொருவர். "கணினியில் இருந்ததும் போயிற்று" என்று மூன்றாமவர் கூறுங்கால், கேட்பவர்க்கும் நெஞ்சு திடுக்கிடும். இவற்றின் காரணங்களை யான் அறிந்த அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றேன். விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகையாது பொறுத்தருள்க.

முதற்கண் இரண்டு சொற்களின் பொருளைப் பிரித்தறிதல் வேண்டும். படியெடுத்தல் என்பது ஒன்று. ஒத்திசைவு என்பது மற்றொன்று. நெல்லைப் பத்தாயத்திலே கொட்டி வைப்பது போன்றது முன்னையது. களத்து நெல்லை மாடு தின்றாலும் பத்தாயத்து நெல் குறையாது. பின்னையதோ, இடையே குழாயிட்டு இணைத்த இரண்டு குளங்களைப் போன்றது. ஒன்றில் நீர் ஏறின் மற்றதிலும் ஏறும். ஒன்றை வடிய விட்டால் மற்றதும் வடியும். ஒத்திசைவு என்னும் ஏற்பாட்டை இயக்கி வைத்துக்கொண்டு, 'கணினியில் ஒன்று இருக்கின்றதே' என்று எண்ணிக் கைப்பேசியில் உள்ளதை அழிப்பவர், குளத்தைப் பத்தாயமென்று கொண்டவராவர். கூகுள் நிறுவனத்தாரே தம் டிரைவ் சேமிப்பகத்தையும் போட்டோஸ் சேமிப்பகத்தையும் முன்பு இவ்வாறு குழாயிட்டு இணைத்திருந்தனர். ஓரிடத்தில் அழித்தது மற்றோரிடத்திலும் அழிவது மக்களுக்கு மயக்கம் தருகின்றதெனக் கண்டு 2019 ஜூலையில் அவ்விணைப்பை நீக்கிவிட்டனர். ஏற்பாடு செய்தோரே மயக்கமுண்டென ஒப்பிய பொருளில் நாம் மயங்குதல் வியப்பன்று.

இனி, படம் வாராமைக்குக் காரணம் காணும் முறையாவது யாது? நம் டெல்டா நாட்டு உழவர் அறிந்த முறையே போதும். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். நீரிருப்புக் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப் போகும். அணை திறந்து பலநாள் ஆகியும் கடைமடை வயலில் நீர் ஏறாவிடின், அவ்வுழவர் வயலில் நின்று புலம்புவதில்லை. மண்வெட்டியைத் தோளிலிட்டு வாய்க்காற்கரை வழியே மேல்நோக்கி நடப்பர். தம் மடை திறந்திருக்கின்றதா, கிளைவாய்க்கால் தூர்ந்துள்ளதா, மதகுப் பலகை இறக்கிக் கிடக்கின்றதா, தலைப்பில் நீர் வந்ததா என்று ஒவ்வோரிடமாகப் பார்ப்பர். நீர் உள்ள இடத்திற்கும் இல்லாத இடத்திற்கும் நடுவிலேதான் தடை இருத்தல் வேண்டும். படத்தின் வழியும் அத்தகையதே. கைப்பேசியிற் படம் உண்டா, வழி திறந்ததா, கணினி அதனை ஏற்கின்றதா என்று நடந்து பார்த்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிப் பார்ப்பவர்க்குத் தடை நீங்கினும், எது தடையென்பது விளங்காது. மறுவாரம் அதே இடர் மீண்டும் வரும்.

கம்பி வழியை முதலிற் கூறுவேன். கைப்பேசியைக் கேபிளாற் கணினியோடு இணைத்ததும் மின்னேற்றம் நிகழ்கின்றது. ஆயினும் கணினித் திரையிற் கைப்பேசியின் பெயரே தோன்றவில்லை. இதற்குப் பெரும்பான்மையும் கேபிளே காரணம். வழக்கமான யூஎஸ்பி கேபிளினுள்ளே நான்கு கம்பிகள் உள. இரண்டு மின்சாரம் செல்வதற்கு. இரண்டு செய்தி செல்வதற்கு. தெருவோரக் கடைகளில் மலிவாக விற்கும் கேபிள்கள் சிலவற்றிற் பின்னிரண்டும் இல்லை. அவை சார்ஜ் ஏற்றும், படத்தைக் கடத்தா. எனவே வேறொரு கேபிளை, கைப்பேசியோடு வந்ததாயின் நன்று, வாங்கி மாட்டிப் பார்ப்பதே முதல் வேலை. அதன்பின் கணினியின் வேறொரு துளையில் மாட்டிப் பார்க்க.

கேபிள் நல்லதாயினும் ஆண்ட்ராய்டு கைப்பேசி தானாக வாயில் திறவாது. இணைத்தவுடன் அது 'சார்ஜ் மட்டும்' என்னும் நிலையில் நிற்கும். திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்தால் வரும் அறிவிப்புக்களுள் யூஎஸ்பி பற்றியதைத் தொட்டு, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கள்வர் எவரேனும் பூட்டிய கைப்பேசியைக் கணினியில் மாட்டிப் படங்களை எடாதிருத்தற்பொருட்டு இக்காவல் வைத்துள்ளனர். ஐபோனிலும் இவ்வாறே, இந்தக் கணினியை நம்புவதா என்று அது ஒரு வினா எழுப்பும். அதற்கு ஆம் என விடையிறுத்துக் கடவெண்ணும் இட்டாலன்றி ஒரு படமும் கணினிக்குத் தெரியாது. வினா எழுந்த பொழுதிற் கைப்பேசி மேசைமேற் கவிழ்ந்து கிடந்தமையாற் காணாது அரைமணி நேரம் கேபிளை நொந்துகொண்டோர் எம் விடுதியிற் பலர்.

வாயில் திறந்தபின் படங்கள் எங்கே உள்ளன? டிசிஐஎம் என்னும் கோப்புறையினுள்ளே கேமரா என்பதில் இருக்கும். அவ்வெழுத்துக்கள் டிஜிட்டல் கேமரா இமேஜஸ் என்பதன் சுருக்கம். நாம் எடுத்த படங்களே அங்கு உள்ளவை. பிறர் அனுப்பியவை வேறிடத்தில் உள்ளன. வாட்ஸ்அப் வழி வந்த படங்கள் ஆண்ட்ராய்டு, மீடியா என்னும் கோப்புறைகளின் உள்ளே அச்செயலியின் பெயர்கொண்ட இடத்திற் கிடக்கும். கைப்பேசித் திரையில் எல்லாம் ஒரே வரிசையாகத் தோன்றுதலின், எல்லாம் ஓரிடத்தில் உள்ளன என்று கொண்டு, நூற்றுக்கு நாற்பதே வந்ததென்று மயங்குவர்.

ஐபோனிலும் நூற்றுக்கு நாற்பது தோன்றுதல் உண்டு. அதன் காரணம் முற்றிலும் வேறு. ஐகிளவுட் படங்கள் என்னும் ஒத்திசைவை இயக்கி, இடம் மிச்சமாகும் வகையில் வைப்பதென்னும் தெரிவையும் ஏற்றிருப்பின், கைப்பேசியில் இருப்பது பல படங்களின் சிற்றுருவமே. முழுப்படம் ஆப்பிள் நிறுவனத்தாரின் தொலைநிலையக் கணினியில் உள்ளது. கேபிள் வழியே, கைப்பேசியில் இல்லாத பொருள் எவ்வாறு வரும்? மூலப்படங்களை இறக்கிக் கைப்பேசியில் வைப்பதென்னும் தெரிவை ஏற்று, வைஃபையிற் சிலமணி நேரம் விட்டுவைத்தபின் மாட்டினால் வந்துவிடும். கைப்பேசியில் அத்துணை இடம் இருத்தல் மட்டும் வேண்டும். அல்லது கணினியிலிருந்தே ஐகிளவுட் தளத்திற்குச் சென்று இறக்கிக்கொள்ளலாம்.

வந்த படம் திறவாமை அடுத்தது. 2017ஆம் ஆண்டு முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்னும் வடிவிற் படங்களைச் சேமிக்கின்றன. நெடுநாள் வழங்கும் ஜேபெக் வடிவினும் இது குறைந்த இடம் கொள்ளும். விண்டோஸ் கணினிகள் பல இவ்வடிவைப் படித்தற்கு மைக்ரோசாப்ட் கடையிலிருந்து அதற்குரிய துணைநிரலைச் சேர்த்தல் வேண்டும். ஐபோனின் அமைப்புக்களிற் படங்கள் என்னும் பகுதியிலே, கணினிக்கு மாற்றுங்கால் தானே வடிவு மாற்றித் தருவதா, மூலத்தை அப்படியே தருவதா என்னும் தெரிவு ஒன்று உண்டு. தானே மாற்றித் தருக என்பது எளிதாகத் தோன்றும். ஆயின் நூற்றுக்கணக்கான படங்களை மாற்றிக்கொண்டே அனுப்புங்கால் இடையில் அறுந்து, இணைத்த கருவி இயங்கவில்லை என்னும் பொருள்பட ஒரு செய்தியைக் கணினி காட்டி நின்றுவிடுதல் உண்டு. மூலத்தை அப்படியே தருக என்று மாற்றிவிட்டால் அவ்விடர் பெரும்பாலும் தீரும். தமிழ் மாணவராகிய நமக்கு மூலமே வேண்டற்பாலது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

வாய்ப்பாட்டைக் காணொளியாக எடுப்போர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. சில பென் டிரைவ்களிலே நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. டிரைவில் முப்பது ஜிபி இடம் இருந்தும் இடமில்லை என்பது போல் அது மறுக்கும். ஃபாட்32 என்னும் பழைய அடுக்குமுறையின் வரம்பே காரணம். எக்ஸ்ஃபாட் என்னும் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றுங்கால் டிரைவில் உள்ளவை யாவும் அழியுமாதலின், முன்னரே அவற்றை வேறிடத்தில் எடுத்துவைத்தல் வேண்டும்.

இனிக் காற்று வழி. கூகுள் போட்டோஸ் போன்ற சேமிப்பகத்திற் படங்கள் தாமாக ஏறிக் கணினியில் தோன்றும் என்று நம்பியிருப்போர் பலர். தோன்றாதபோது முதலிற் காணவேண்டுவது கணக்கு. கைப்பேசி ஒரு மின்னஞ்சற் கணக்கிலும், கணினி மற்றொரு கணக்கிலும் திறந்திருப்பின், இரண்டும் வெவ்வேறு ஊரின் குளங்களாம். கைப்பேசி வாங்கிய நாளிற் கடைக்காரரே ஒரு கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் தந்துவிடுதல் நம் பக்கத்து வழக்கம். சீட்டுத் தொலைந்துவிடும். பெற்றோர் படங்கள் அக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அவர்கட்கு அது தெரியாது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் தாய் தந்தையர் கைப்பேசியைத் திறந்து, எக்கணக்கு, எக்கடவுச்சொல் என்று ஒருமுறை பார்த்தல் நலம்.

கணக்கு ஒன்றே ஆயின் இடம் உண்டா என்று பார்க்க. கூகுள் கணக்கில் விலையின்றித் தருவது 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் ஆகிய மூன்றற்கும் அதுவே பொது. சற்றே சுருக்கிய படங்களை எல்லையின்றி ஏற்றுக்கொண்ட பழைய சலுகை 2021 ஜூன் 1ஆம் நாளோடு நின்றது. இடம் நிறைந்தால் அன்றோடு படம் ஏறுதல் நின்றுவிடும். அறிவிப்பு வரினும் நாம் அதனை விரலால் ஒதுக்கித் தள்ளிவிடுகின்றோம். ஐகிளவுடிலே விலையின்றிக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. இனி, வைஃபை இருந்தாலன்றி ஏற்ற வேண்டா என்னும் கட்டளை கைப்பேசியில் இருத்தலும், கேமராக் கோப்புறை ஒழிந்த மற்றவற்றை ஏற்றாதிருத்தலும், மின்கலச் சிக்கனம் கருதி அச்செயலியைக் கைப்பேசி உறங்க வைத்திருத்தலும் உண்டு. இரவில் சார்ஜில் இட்டு, வைஃபையில் இணைத்து, செயலியைத் திறந்து வைத்துப் படுத்தால், விடியுமுன் பெரும்பாலான படங்கள் ஏறியிருக்கும்.

அழித்தலைப் பற்றி மேலே தொட்டேன். சற்று விரித்தல் வேண்டும். கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலிசெய்' என்பதும் 'நீக்கு' என்பதும் ஒன்றல்ல. முன்னையது, சேமிப்பகத்தில் ஏறிவிட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து மட்டும் அகற்றும். பின்னையது, ஏறிய படத்தை இரண்டிடத்தினின்றும் அகற்றும். அகற்றியவை 60 நாள் குப்பைத்தொட்டியிற் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். ஐகிளவுடில் இவ்வாய்ப்பு 30 நாள். படம் காணாமற் போயிற்றென்று கேட்டவுடன் செய்யத்தக்கது, அத்தொட்டியைத் திறந்து பார்த்தலே. நாள் கடத்தலாகாது.

எனக்கு மூத்த மாணவர் ஒருவர்க்கு நேர்ந்ததை இங்குக் குறிக்கின்றேன். அவர் நடவுப் பாட்டுத் திரட்டும் பொருட்டுத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றார். அங்கே எண்பது அகவை கடந்த ஆச்சி ஒருவர், இளமையில் நடவு வயலிற் பாடிய பாட்டுக்களைத் தம் பேத்தியைக்கொண்டு பள்ளி நோட்டு ஒன்றில் எழுதுவித்திருந்தார். நோட்டைக் கொடுக்க அவர்க்கு மனமில்லை, படமெடுக்க இசைந்தார். நண்பர் பக்கம் பக்கமாக எடுத்து, தம் தோழர் கணினியிற் சேர்ப்பதற்கென்று ஒரு செய்திச் செயலியின் குழுவில் அனைத்தையும் அனுப்பிவிட்டார். தோழரும் அவற்றை இறக்கிச் சேர்த்தார். படம் சேர்ந்தது என்றறிந்த நண்பர், கைப்பேசி நிறைந்திருந்தமையின் மூலப்படங்களை அழித்தார். ஆறு திங்கள் கழித்துக் கட்டுரை எழுத அமர்ந்தபோது, பக்கங்கள் எல்லாம் இருந்தன, பாட்டும் தெரிந்தது, எழுத்துத்தான் தெரியவில்லை. பென்சில் எழுத்து, பழுப்புத் தாள். அனுப்புங்காற் படம் சுருங்கிவிட்டது. பெரிதாக்கினால் எழுத்துக்கள் கரைந்து பஞ்சாகின்றன. மூன்றாம் பாட்டிலே வயலுக்குடையவன் கூலி 'கேட்டான்' என்றிருக்கின்றதா, அவன் 'கெட்டான்' என்றிருக்கின்றதா என்பது இன்றுவரை துணியப்படவில்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அச்சுருக்கத்தில் ஒன்றாகிவிட்டன. மீண்டும் அவ்வூர் சென்றார். ஆச்சி காலமாகி மூன்று திங்கள் ஆகியிருந்தது. அவர் இருந்த கூரைவீட்டைப் பிரித்தபோது நோட்டும் பழந்தாளோடு போயிற்றென்று வீட்டார் கூறினர்.

ஏட்டுச்சுவடிகளைப் பயின்றோர் இதிலே ஒரு வியப்பைக் காண்பர். ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஒகரக் குறில் நெடில்களைப் பிரிக்கும் குறியும் இல்லை. கெட்டானும் கேட்டானும் ஓலையில் ஒரே வடிவம். கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கிய வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக்குறி வகுத்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். அவர் தீர்த்த மயக்கத்தை நம் கைப்பேசி மீண்டும் நம் தலையிற் சுமத்துகின்றது.

சுருங்குதல் எவ்வளவு என்றால், இன்றைய கைப்பேசிப் படம் பலவற்றில் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 ஆகப் புள்ளிகள் ஒரு கோடியே இருபது இலட்சம் உள. செய்திச் செயலிகள் வழக்கமான முறையில் அனுப்புங்கால் நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1600 புள்ளியாகக் குறைத்துவிடுவது உண்டு. அவ்வாறாயின் எஞ்சுவது இருபது இலட்சத்திற்கும் குறைவு. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மணப்பந்தற் படத்திற்கு இது போதும். பென்சில் எழுத்திற்குப் போதாது. வாட்ஸ்அப் வழியே அனுப்பித்தான் ஆகவேண்டுமாயின், படம் என்னும் பொத்தானை விடுத்து, ஆவணம் என்பதைத் தெரிந்து அதன்வழி அனுப்புக. கோப்பு உள்ளவாறே செல்லும். அருகருகே உள்ள கருவிகளாயின் குவிக் ஷேர் போன்ற வழியிலும் சுருங்காமல் அனுப்பலாம்.

புள்ளிகளோடு மற்றொன்றும் போகின்றது. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தினுள்ளும், எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், அனுமதித்திருப்பின் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு முதலியன கண்ணுக்குத் தெரியாது பொதிந்திருக்கும். படமாக அனுப்புங்கால் இக்குறிப்புக்கள் உதிர்ந்துவிடுகின்றன. கணினியில் அப்படம், பெற்ற நாளையே தன் நாளாகக் காட்டும். மார்கழியில் எடுத்த கல்வெட்டு சித்திரையில் எடுத்ததாக வரிசை மாறி நிற்பதும், 'படம் வரவில்லை' என்று நாம் மார்கழியிலே தேடிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

இவ்விழப்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. காவிரியின் வடகரையிலே திருக்கோடிக்காவல் என்னும் ஊர் உளது. கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில் அவ்வூர்க் கோயிலைக் கல்லாற் புதுப்பித்தார். பழைய கட்டடத்தைப் பிரிக்குமுன், அதிலிருந்த பழங்கல்வெட்டுக்களைப் படியெடுத்து வைத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தனர். இவை பழங்கற்படி என்னும் குறிப்பையும் உடன் பொறித்தனர். ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இத்துணைக் கருத்தோடு செய்தனரே என்று வியக்கின்றோம். படியெடுத்த பின்னரே மூலத்தைப் பிரித்தனர். படி என்பதை மறையாது எழுதியும் வைத்தனர். அதனாலே பழைய அரசர் காலத்துக் கொடைகள் நமக்குத் தெரிய வந்தன. எனினும் ஒன்று போயிற்று. புதிதாக வெட்டியோர் தம் காலத்து எழுத்திலேயே வெட்டினர். சொல் எஞ்சியது, பழைய எழுத்தின் வடிவம் எஞ்சவில்லை. எழுத்தின் வடிவம் கொண்டு காலம் கணிக்கும் கல்வெட்டறிஞர்க்கு அங்கே கைப்பிடி இல்லை. படத்தினுள்ளே பொதிந்த நாட்குறிப்பு உதிர்ந்தபின், அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் நம் நிலையும் அதுவே.

ஆகவே, கணினியிற் சேர்க்குங்கால் 'வெட்டி ஒட்டுதல்' என்பதைத் தவிர்த்துப் 'படியெடுத்து ஒட்டுதல்' என்பதையே செய்க. வெட்டி ஒட்டுங்காற் கேபிள் அசைந்தால், படம் இங்குமின்றி அங்குமின்றிப் போதல் கூடும். ஒட்டியபின் எண்ணிப் பார்க்க: கைப்பேசிக் கோப்புறையில் எத்தனை, கணினியில் எத்தனை? மொத்த அளவும் ஒத்ததா? பின்னர், முதற்படம், கடைசிப் படம், நடுவிற் சில, மிகப் பெரிய காணொளி ஆகியவற்றைத் திறந்து, எழுத்துப் படிக்க வருகின்றதா என்று பெரிதாக்கிப் பார்க்க. பழைய ஏடெழுதுவோர் மூலத்தையும் படியையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்புநோக்கியது போன்ற வேலை இது. பத்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. அதன்பின் கைப்பேசியில் அழிக்கலாம். நான் ஒரு வாரம் பொறுத்தே அழிக்கின்றேன்.

குழுவாகச் செல்லும்போது நேரும் இடர் ஒன்று. கேமராக்களும் ஐபோன்களும் படத்திற்கு இடும் பெயர் பெரும்பாலும் ஐஎம்ஜி என்னும் எழுத்தும் நான்கிலக்க எண்ணுமே. இருவர் கைப்பேசியிலும் ஐஎம்ஜி 0412 என்று ஒரு படம் இருத்தல் இயல்பு. இரண்டையும் ஒரே கோப்புறையிற் கொட்டினால், மாற்றுவதா, விடுவதா, இரண்டையும் வைப்பதா என்று கணினி வினவும். அவசரத்தில் 'மாற்று' என்பதைத் தட்டினால் ஒருவர் படம் மற்றவர் படத்தின்மேல் ஏறி அதனை அழித்துவிடும். அன்றே ஒவ்வொருவர்க்கும் தனிக் கோப்புறை அமைத்து, ஊர்ப்பெயரும் நாளும் எடுத்தவர் பெயரும் இட்டுவைப்பின் இது நேராது.

எத்தனை படி வைத்தல் வேண்டும் என்பார்க்கு: இரண்டு போதாது, மூன்று நன்று, அவற்றுள் ஒன்றேனும் வேறூரில் இருத்தல் வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் பக்கம் கரைகடந்த கஜா புயலை நம் மாணவர் பலர் மறந்திரார். கணினியும், அதன் பக்கத்திலே வைத்த பென் டிரைவும், மேசைமேற் கிடந்த கைப்பேசியும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், கூரை போகுங்கால் மூன்றும் ஒன்றாகவே நனையும். கப்பலையே நம்பி ஐரோப்பாவிற்குக் கடிதம் எழுதிய பழங்காலத்தவர், ஒரே கடிதத்தை இரண்டு மூன்று படி எழுதி வெவ்வேறு கப்பல்களில் விடுத்தல் வழக்கம். ஒன்று கடலில் ஆழ்ந்தாலும் மற்றொன்று கரை சேரும். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்தோரும் எழுதிய கடிதங்களும், அவர்கள் தொகுத்த ஓலைச்சுவடிகள் சிலவும், ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இன்றும் உள. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்து சீவக சிந்தாமணியை 1887இற் பதிப்பிக்க, ஒன்று விட்டதை மற்றொன்று காட்டும் பல ஊர்ச் சுவடிகள் துணைநின்றன.

பொதுக் கணினி நிலையத்திற் படங்களை இறக்குவோர்க்கு ஒரு சொல். வேலை முடிந்ததும் கணக்கினின்று வெளியேறுதல் வேண்டும். உலாவியின் சன்னலை மூடுதல் வெளியேறுதல் ஆகாது. அக்கணினியில் இறக்கிய படங்களையும் அழித்து, அதன் குப்பைத்தொட்டியையும் ஒழித்துவிடுக. அழிக்குமுன், கணக்கில் உள்ள படத்தை அழிக்கின்றோமா, அக்கணினியில் இறக்கிய படியை அழிக்கின்றோமா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்க.